3+0 ஆடலாமா, 3+2 ஆடலாமா?

ஆன்லைன் பிளிட்ஸில், அதாவது வேகச் செஸ்ஸில், முன்னேற நினைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் கேள்வி இது. 3+0 என்றால் ஆளுக்கு மொத்தமே 3 நிமிடம்; 3+2 என்றால் அதோடு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 விநாடி கூடும். லிசெஸ் என்ற செஸ் தளத்தில் இரண்டுக்கும் ஒரே பிளிட்ஸ் ரேட்டிங்தான், ஆனால் ஆட்டம் வேறு.

நேரம்
3+0: 40 நகர்த்தலுக்குப் பரப்பினால் ஒன்றுக்கு 4.5 விநாடி. ஆட்டம் 6 நிமிடத்தைத் தாண்டாது, டீ இடைவேளையிலேயே முடித்துவிடலாம்.
3+2: அதே கணக்கில் 6.5 விநாடி.

இறுதியாட்டம்
3+0: ஒரு யானை கூடுதலாக இருந்தும் நேரம் தீர்ந்து தோற்பது சகஜம். கடைசிப் பத்து விநாடியில் யாரும் செஸ் ஆடுவதில்லை, பிரீமூவ் (எதிராளி ஆடும் முன்பே அடுத்த நகர்த்தலைப் பதிந்துவைப்பது) போட்டு மவுஸை இழுக்கிறார்கள், அவ்வளவுதான்.
3+2: இங்கேதான் உண்மையான லாபம். கடிகாரத்தில் 3 விநாடி இருந்தாலும் ராஜா, யானையை வைத்துத் தனி ராஜாவை மேட் செய்துவிடலாம், முறை தெரிந்திருந்தால். தெரியாவிட்டால் 50 நகர்த்தல் விதியில் (காய் வெட்டாமல், சிப்பாய் நகராமல் இருவரும் 50 நகர்த்தல் ஆடிவிட்டால்) டிரா. அதனால் இறுதியாட்டத்தைப் படித்தே ஆகவேண்டிய கட்டாயம் வருகிறது.

தொடக்கம்
3+0: நிறைய ஆட்டம் ஓடுவதால் புதிதாகப் படித்த காரோ-கான் (கறுப்புக் காய்களுக்கான ஒரு தொடக்கம்) மாதிரி வரிசைகள் சீக்கிரம் கைக்குப் பழகும்.
3+2: கொஞ்சம் மெதுவாகத்தான்.

நேரடிப் போட்டிக்குப் போகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், 3+2 தான். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பும் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. தொடக்க வரிசைகளை ஓட்டிப் பார்க்க, அல்லது சும்மா ஜாலிக்கு என்றால் 3+0 சரி. எதை ஆடினாலும் தோற்ற கையோடு அடுத்த ஆட்டத்தை அழுத்தாமல், எந்த நகர்த்தலில் காய் போனது என்று ஒரு நிமிடம் பாருங்கள்.