காலை 7 மணி வகுப்பா, வாரம் ஒரு மதியமா, படித்துவிட்டு வரும் வகுப்பா? மயக்கவியல் பிஜி வகுப்புகளுக்கு ஓர் ஒப்பீடு

மயக்கவியல் எம்.டி. 3 ஆண்டுப் பட்ட மேற்படிப்பு; இதைப் படிக்கும் மருத்துவரைத்தான் பிஜி என்கிறோம். கடைசியில் 4 தாள், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண்: அடிப்படை அறிவியல், வேறு நோய்களும் உள்ளவருக்கு மயக்கம் கொடுப்பது, சிறப்புத் துறை அறுவை சிகிச்சைகள், தீவிர சிகிச்சையோடு வலி மருத்துவமும் புதிய முன்னேற்றங்களும். மூச்சுக்குழாயில் டியூப் போடுவதும் முதுகில் ஸ்பைனல் ஊசி கொடுப்பதும் தியேட்டரில் தினமும் செய்து கை பழகிவிடும். வேப்பரைசர் (திரவ மயக்க மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் கருவி) எப்படி வேலை செய்கிறது, மருந்து ஏன் ஒருவரிடம் சீக்கிரம் இறங்குகிறது, இன்னொருவரிடம் ஏன் தங்கிவிடுகிறது என்பதெல்லாம் உட்கார்ந்து படித்தால்தான் வரும். அந்த உட்காரும் நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதே வகுப்புப் பொறுப்பாளரின் முதல் கவலை.

சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஒரு நிலைமை. சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தும் அவசர நோயாளிகள் ராத்திரி பகல் பாராமல் வருவார்கள். ஆனால் எலெக்டிவ் லிஸ்ட், அதாவது முன்கூட்டியே நாள் குறித்த அறுவை சிகிச்சைகள், பெரும்பாலும் மதியம் 2 மணிக்குள் அடங்கிவிடும். தனியார் மருத்துவமனையில் டி.என்.பி. (எம்.டி.க்கு இணையான பட்ட மேற்படிப்பு) படிப்பவருக்கு லிஸ்ட் மாலை வரை ஓடும். இரண்டுக்கும் ஒரே விடை பொருந்தாது. கணக்குக்காக ஒரு துறையை எடுத்துக்கொள்வோம்: ஆண்டுக்கு 6 பேர் என மொத்தம் 18 பிஜி, தினம் 3 பேருக்கு இரவு டூட்டி, வருடத்தில் 44 வாரம் வகுப்பு.

தினமும் காலை 7 முதல் 8 வரை

இதுதான் பழைய வழி. காகிதத்தில் பார்த்தால் வாரம் 5, வருடம் 220 மணி நேரம். இந்த எண்ணைக் காட்டித்தான் இதற்கு ஆதரவு கேட்கிறார்கள். ஆனால் 7 மணி வகுப்பு 7.10க்குத்தான் சூடுபிடிக்கும். முதல் நோயாளி 8.30க்கு டேபிளில் இருக்க வேண்டுமென்றால் 7.50க்கே எல்லோருடைய கண்ணும் கதவுப் பக்கம் போய்விடும். மிஞ்சுவது 40 நிமிடம், அதாவது வருடத்துக்குச் சுமார் 147 மணி. இதில் போஸ்ட்-டூட்டியில், அதாவது இரவு டூட்டி முடிந்த காலையில், கண் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆறில் ஒருவரைக் கழித்தால் ஒருவருக்குக் கிடைப்பது 122. மயக்கம் கொடுக்கும் மெஷினின் செக்கிங்குக்கு என்று முறைவைத்து மூவரை முன்னாலேயே அனுப்பினால் அதுவும் போய் 102.

மூவரை அனுப்பாத துறைகளில் நடப்பது இன்னும் மோசம். வகுப்பு 8.05 வரை இழுத்தால் முதலில் அடிபடுவது மெஷின் செக்கிங்தான். சர்க்யூட்டை (மெஷினையும் நோயாளியையும் இணைக்கும் குழாய்களை) 30 செ.மீ. நீர் அழுத்தத்துக்கு ஏற்றி 10 விநாடி நிற்கிறதா என்று பார்ப்பது, ரிசர்வ் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து அளவு பார்ப்பது, சக்‌ஷன் இழுக்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பது. நேரமில்லாதபோது இந்த மூன்றையும் தாண்டிப்போவது மிகச் சுலபம்; மூன்றில் எது பழுதானாலும் நோயாளி மயங்கிய பிறகுதான் தெரியவரும். பாதுகாப்பைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டுப் பாதுகாப்புக்கான நேரத்தை அந்தப் பாடமே தின்றுவிடுவது சரியல்ல.

வெளியே தெரியாத ஓட்டை ஒன்றும் இருக்கிறது. பல இடங்களில் டூட்டி கிழமைக் கணக்கில்தான் ஓடுகிறது. செவ்வாய் இரவு என்றால் வருடம் முழுக்க அதே யூனிட். புதன்கிழமை ஜர்னல் கிளப் என்று வைத்தால், அந்த யூனிட்டில் இருக்கும் வரை அந்தப் பிஜிக்கு ஜர்னல் கிளப் என்பது பாதித் தூக்கத்தில் கேட்ட ஒன்று. மொத்த வருகைப் பதிவு 80 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். ஆய்வுக் கட்டுரையைப் படித்து அலசும் பழக்கம் மட்டும் வந்திருக்காது. மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்க்கும் பொறுப்பாளருக்கு இது கண்ணில் படாது. கிழமைவாரியாக, வகுப்பு வகைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

வாரம் ஒரு மதியம், 2 முதல் 4.30 வரை

நடுவில் 15 நிமிடம் டீ. இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணிக்குச் சற்று மேல். வருடம் 99 மணி. போஸ்ட்-டூட்டியைக் கழித்தால் 82. காலை வகுப்பின் 102க்குக் குறைவுதான், ஆனால் 220க்கும் 99க்கும் தெரிந்த பள்ளம் இங்கே இல்லை. அதோடு இந்த நேரம் துண்டாகாத நேரம். அதன் அருமையை ஒரு பாடத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

சேலம் நகரம் சுமார் 278 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காற்றழுத்தம் இங்கே ஏறத்தாழ 735 மி.மீ. பாதரசம், மேலே 635. போர்டில் இரண்டு எண்ணையும் எழுதிவிட்டுக் கேளுங்கள்: சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவருக்கு உள்ளே போகும் ஆக்சிஜனின் அழுத்தம் எவ்வளவு? நீராவிக்கு 47ஐக் கழித்து 0.21ஆல் பெருக்கினால் சேலத்தில் 144, ஏற்காட்டில் 123. இதை முதலாம் ஆண்டுப் பிஜி போட்டுவிடுவார். 40 நிமிட வகுப்பு பெரும்பாலும் இந்த இடத்தோடு முடிந்துவிடும்.

அடுத்த கேள்விதான் உண்மையான பாடம்: ஏற்காட்டில் செவோஃபுளூரேன் (சுருக்கமாக செவோ) என்ற மயக்க மருந்துக்கான வேப்பரைசரின் டயலைக் கூட்ட வேண்டுமா? வகுப்பில் பாதிப் பேர் கூட்ட வேண்டும் என்பார்கள். செவோவின் ஆவியழுத்தம் 20 டிகிரியில் சுமார் 160. அது வெப்பத்தைப் பொறுத்தது, மலை ஏறினாலும் மாறாது. 2 சதவீதத்தில் வைத்த சாதாரண வேரியபிள் பைபாஸ் வேப்பரைசர் (வாயுவில் ஒரு பகுதியை மட்டும் மருந்தின் வழியே அனுப்பும் வகை) 635 அழுத்தத்தில் சுமார் 2.5 சதவீதம் வெளிவிடும். மூளைக்குக் கணக்கு சதவீதம் இல்லை, அழுத்தம். கடல் மட்டத்தில் 2 சதவீதம் என்றால் 15.2 மி.மீ.; ஏற்காட்டில் 2.5 சதவீதம் என்றால் 16க்குப் பக்கம். ஆகவே டயலைத் தொட வேண்டாம். டெஸ்ஃபுளூரேன் என்ற இன்னொரு மயக்க மருந்துக்கான டெக் 6 வேப்பரைசர் அப்படியல்ல. சூடாக்கி, சதவீதத்தை மாறாமல் கொடுக்கும் கருவி அது. 6 சதவீதம் மேலேயும் 6 சதவீதம்தான், ஆனால் அழுத்தம் 45.6லிருந்து 38ஆக இறங்கிவிடும். அதை ஈடுகட்ட டயலை 7.2க்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே மலை, இரண்டு வேப்பரைசர், இரண்டு விடை. இதை அவர்களே கணக்குப் போட்டு, தப்பாகப் போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி வர 65 நிமிடம் வேண்டும். அந்த வாதாட்டத்துக்கு இடம் கொடுப்பதற்காகவே மதிய வகுப்பை முன்னால் வைக்கிறோம்.

இதிலும் சிக்கல் உண்டு. சிசேரியன் 2 மணிக்கு மேல் நிற்பதில்லை. அந்த இரண்டரை மணி நேரம் அவசரத் தியேட்டரை அசிஸ்டென்ட் புரொஃபசர்களும் சீனியர் ரெசிடென்ட்டுகளும் பார்த்துக்கொள்ள வேண்டும். துறைத் தலைவர் இதை எழுத்தில் போட்டு, அறுவை சிகிச்சை, மகப்பேறு துறைகளுக்கும் நகல் அனுப்பினால்தான் நிற்கும். வாய்ச்சொல்லில் விட்டால் மூன்றாவது வாரமே "ஒரே ஒரு கேஸ்தான், ஒரு பிஜியை மட்டும் அனுப்புங்கம்மா" என்று ஃபோன் வரும். ஒருவரை அனுப்பினால் அடுத்த வாரம் நால்வர் போவார்கள். கிழமைச் சிக்கல் இங்கே இன்னும் கூர்மை: நிரந்தரமாக வியாழன் என்றால் புதன் இரவு யூனிட்டுக்கு மொத்தப் படிப்பும் போச்சு. ஒற்றைப்படை மாதம் புதன், இரட்டைப்படை மாதம் வெள்ளி என்று மாற்றினால் இழப்பு ஒரே யூனிட் தலையில் விழாது.

படித்துவிட்டு வரும் வகுப்பு

20 நிமிடக் காணொளி அல்லது 10 பக்கம், கூடவே 3 கேள்வி, 3 நாள் முன்னால். வகுப்பில் விரிவுரை கிடையாது. கணக்கும் கேஸும் மட்டும். மேலே சொன்ன ஏற்காடு பாடத்தில் 144, 123 வரை விடுதியிலேயே முடிந்திருக்கும்.

இது கெட்டுப்போவது எப்போதும் ஒரே மாதிரிதான். பாதிப் பேர் படிக்காமல் வருவார்கள். ஆசிரியர் இரக்கப்பட்டு 25 நிமிடம் திரும்ப நடத்துவார். படித்து வந்தவர் அடுத்த முறை ஏன் படிக்க வேண்டும் என்று நினைப்பார். ஆகவே திரும்ப நடத்தவே கூடாது. உள்ளே வந்ததும் ஒரு தாளில் ஒரு கேள்விக்கு 4 வரி விடை, 5 நிமிடம். பிறகு படித்தவரையும் படிக்காதவரையும் ஜோடி சேர்த்துக் கேஸைக் கொடுத்துவிட வேண்டும். முந்தின இரவு டூட்டி பார்த்தவருக்கு இதில் விலக்கு கொடுப்பது நியாயம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறைகளும் பிஜிக்குப் போதிய ஓய்வு நேரம் வேண்டும் என்றுதான் சொல்கின்றன.

இந்த வழிக்கு மறுக்க முடியாத பலன் ஒன்று உண்டு: மாவட்ட மருத்துவமனைகளில் செய்யும் 3 மாதப் பயிற்சி, அதாவது டி.ஆர்.பி. அந்த 3 மாதமும் மேட்டூரிலோ ஆத்தூரிலோ இருக்கும் பிஜிக்குக் காலை வகுப்பும் இல்லை, மதிய வகுப்பும் இல்லை. நேரலையில் இணைக்கிறோம் என்று தொடங்கினால் போர்டும் தெரியாது, பின்வரிசைக் கேள்வியும் கேட்காது. அதே 10 பக்கத்தையும் கேள்விகளையும் அனுப்பி, 4 வரி விடையை அங்கிருந்து வாங்கிக்கொண்டு, வாரம் 20 நிமிடம் ஃபோனில் ஒரு கேஸ் பேசினால் தொடர்பு அறுந்துபோகாது.

எதை எடுத்தாலும் மேற்பார்வை

அரசுக் கல்லூரிக்கு எங்கள் தேர்வு மதிய வகுப்பு. அதன் இரண்டு நேரங்களில் ஒன்று படித்துவிட்டு வரும் வகை, மற்றொன்று செமினார் அல்லது கேஸ். காலை வகுப்பை முதலாம் ஆண்டு சேர்ந்த முதல் 8 வாரத்துக்கு மட்டும், அதுவும் தியேட்டருக்குள்ளேயே மெஷின் முன்னால் நின்று வைத்துக்கொள்ளலாம். டி.என்.பி. மருத்துவமனையில் மதியம் கிடைக்காது. அங்கே வாரம் 5 காலைக்குப் பதில் 2 காலை, இரண்டும் படித்துவிட்டு வரும் வகை, அந்த 2 நாளும் முதல் கேஸ் 9 மணிக்கு.

வாரம் 2 வகுப்பு என்றால் 18 மாதத்தில் 132 இடம். முதல் தாளுக்கு 40, இரண்டாவதற்கு 36, மூன்றாவதற்கு 32, நான்காவதற்கு 24 என்று பிரித்து 18 மாதத்தில் ஒரு சுற்று முடித்தால், ஒவ்வொரு பிஜியும் அதே பாடத்தை இரண்டு தடவை கேட்பார்: ஒரு தடவை புதியவராக, ஒரு தடவை கேள்வி கேட்பவராக. சுற்றே இல்லாமல் "இந்த வாரம் யார், என்ன எடுக்கிறீங்க?" என்று போனால் கடின ஏர்வே (டியூப் போடக் கடினமான மூச்சுவழி) 5 தடவை வரும், மின்சாரப் பாதுகாப்பு ஒரு தடவைகூட வராது.

செமினார் என்றாலே 90 ஸ்லைடு, பெரிய பாடப்புத்தகத்திலிருந்து பத்தி பத்தியாக, பிஜி திரையைப் பார்த்து வாசிப்பார். இதை வகுப்பு நாளன்று திருத்த முடியாது. மாடரேட்டர் (செமினாரை வழிநடத்தும் ஆசிரியர்) 3 நாள் முன்னால் ஸ்லைடைப் பார்க்க வேண்டும்: 20க்கு மேல் கூடாது, முதல் ஸ்லைடு ஒரு நோயாளி, கடைசி ஸ்லைடு அந்த நோயாளிக்கு என்ன செய்வோம் என்ற முடிவு.

பொறுப்பாளர் மாதம் ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார வேண்டும். கையில் வெள்ளைத் தாள்; உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம். ஒருவர் பேசினால் வட்டத்தில் ஒரு கோடு. ஆசிரியர் கேட்கும் கேள்வி ஞாபகக் கேள்வியானால் ஓரத்தில் "ஞா", முடிவெடுக்கும் கேள்வியானால் "மு". கேள்விக்குப் பிறகு எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்பதையும் குறிக்கலாம். நிறைய வகுப்பில் இரண்டு விநாடியில் ஆசிரியரே விடை சொல்லிவிடுவார். முன்வரிசை இரண்டு வட்டத்தில் எட்டு எட்டுக் கோடு, மற்றவை வெறும் வட்டம், ஓரம் முழுக்க "ஞா" என்றால் அந்தத் தாளை அப்படியே ஆசிரியரிடம் காட்டினால் போதும். மறுநாளுக்குள் 10 நிமிடம், தனியாக, மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. இளம் ஆசிரியரைப் பார்க்கத் துறைத் தலைவரே போய் உட்கார்ந்தால் வகுப்பு நாடகமாகிவிடும்; சக ஆசிரியர் போவது நல்லது.

பிஜிக்களிடம் கருத்துக் கேட்பது பேப்பரில் வேண்டாம். ஆறு பேர் உள்ள பேட்ச்சில் கையெழுத்து யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், ஆகவே எல்லோரும் "நன்று" என்றே எழுதுவார்கள். பெயர் கேட்காத கூகுள் ஃபார்ம், 3 கேள்வி: எது புரிந்தது, எது புரியவில்லை, நாளைக்குத் தியேட்டரில் எதை மாற்றிச் செய்வீர்கள்? பதில்களை ஆசிரியர் வாரியாக இல்லாமல் பாடம் வாரியாகத் தொகுத்தால் யாருக்கும் மனசு கோணாது.

சோதனையை வகுப்பு முடிந்த கையோடு வைத்தால் எல்லோரும் தேறுவார்கள். இரண்டு வாரம் கழித்து, சொல்லாமல், 10 கேள்வி வைக்க வேண்டும். ஏற்காட்டில் செவோ டயலைத் தொட வேண்டுமா என்ற கேள்விக்கு 18 பேரில் 7 பேர் மறுபடி "கூட்ட வேண்டும்" என்று எழுதினால் அந்தப் பாடம் அடுத்த சுற்று வரை காத்திருக்கக் கூடாது. அடுத்த மதியத்தின் முதல் 15 நிமிடம் அதற்குத்தான்.

ரத்தான வகுப்பை அதே மாதத்தின் ஒரு சனிக்கிழமைக்கு மாற்றி, யார் கேட்டதால் ரத்தானது என்று பதிவேட்டில் ஒரு பத்தி வைத்து எழுதி வாருங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பத்தியோடு துறைத் தலைவரிடம் போனால், எந்தத் துறையோடு மறுபடி பேச வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.