கூடுதல் வாரண்டியுடன் ஐந்து ஆண்டுகள்: கொடுத்த பணமும் திரும்பி வந்ததும்

2018 ஜூனில் மதுரையில் ஒரு சிறிய பெட்ரோல் கார் வாங்கினேன். கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஏ.எம்.டி. கியர் வண்டி. நிறுவனம் தந்த வாரண்டி இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை. ஆண்டுக் கணக்கு மட்டுமே என் மனதில் பதிந்திருந்தது.

வேலை நிமித்தமாக மாதம் இரண்டு முறை சென்னை போய்வருவேன். ஒரு வழிக்கே 460 கி.மீ. வரும். 2020 பிப்ரவரியில் சர்வீசுக்கு விட்டபோது மீட்டர் 38,400 காட்டியது. பணம் கட்டி வாரண்டியை நீட்டிக்கும் கூடுதல் வாரண்டியை ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். சர்வீஸ் ஆலோசகர்தான் எச்சரித்தார்: "சார், இன்னும் இரண்டு தடவை சென்னை போய்வந்தால் உங்கள் வாரண்டி முடிந்துவிடும். முடிந்துவிட்டால் நீட்டிக்க முடியாது." அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

அன்று மேசையில் இரண்டு கூடுதல் வாரண்டித் தாள்கள் வைக்கப்பட்டன. ஒன்று கார் தயாரித்த நிறுவனமே தருவது. மற்றொன்று விற்பனையாளர் வேறொரு நிறுவனத்துடன் சேர்ந்து தருவது. அது சுமார் 3,000 ரூபாய் மலிவு. இரண்டையும் வீட்டுக்கு எடுத்துவந்து பொடி எழுத்துகளையும் விடாமல் படித்தேன். மலிவான தாளில் ஒரு பழுதுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருந்தது. விற்ற இடத்தில்தான் பழுது பார்க்க வேண்டும். வெளியூரில் பார்த்தால் முதலில் நாம் பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும். தயாரிப்பு நிறுவனத்தின் தாளோ நாட்டில் உள்ள அதன் எந்த அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரிலும் செல்லும். மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் இருப்பவனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஐந்தாம் ஆண்டு முடிவு அல்லது ஒரு லட்சம் கி.மீ. வரைக்கும் எடுத்தேன். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 15,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆனது.

அடுத்த மாதமே ஊரடங்கு வந்து வண்டி வாசலில் நின்றது. அதனால் அதன்பிறகு கிலோமீட்டரை விட நாள்தான் முந்தியது.

2021 அக்டோபர், 62,000 கி.மீ. அம்மாவுடன் சென்னையிலிருந்து திரும்பும்போது சமயபுரம் சுங்கச்சாவடி வரிசையில் வண்டி நியூட்ரலிலேயே நின்றுவிட்டது. கியர் விழவே இல்லை. பின்னால் லாரிகள் ஒலி எழுப்ப, இரண்டு பேர் இறங்கிவந்து வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். திருச்சி சர்வீஸ் சென்டருக்கு இழுத்துச் சென்றோம். கியரை மாற்றித் தரும் ஆக்சுவேட்டர் பழுதாகிவிட்டது என்றார்கள். மதிப்பீடு 40,000 ரூபாயைத் தாண்டியது. மதுரையில் வாங்கிய வண்டி என்பதை யாரும் ஒரு பொருட்டாகவே கேட்கவில்லை. சர்வீஸ் வரலாற்றைக் கணினியில் பார்த்தார்கள். எல்லாம் உரிய காலத்தில் நடந்திருந்தது. நான்கு நாளில் புதிய பாகம் பொருத்தித் தந்தார்கள். ஆனால் கூடவே தேய்ந்திருந்த கிளட்ச் பிளேட்டுக்கு ஏறத்தாழ 9,000 ரூபாயை நான்தான் கட்டினேன். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர், டயர் போன்ற தேயும் பொருள்களுக்குப் பெரும்பாலான வாரண்டிகள் பொறுப்பேற்பதில்லை. இதை விற்கும்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2022இல் பவர் ஸ்டீயரிங் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பழுதான பாகத்தை அப்போதும் இலவசமாகவே மாற்றினார்கள்.

மூன்றாவது முறை மறுத்துவிட்டார்கள். ரேடியோவும் திரையும் சேர்ந்த அமைப்பு அணைந்து அணைந்து எரிந்தது. பிரித்துப் பார்த்தவர்கள், வெளிக்கடையில் ரிவர்ஸ் கேமரா பொருத்தியபோது வயரை வெட்டி ஒட்டியிருந்ததைப் படமெடுத்துக் காட்டினார்கள். அரை மணி நேரம் வாதாடினேன். வீட்டுக்கு வந்து தாளை எடுத்துப் பார்த்தால் அந்த நிபந்தனை தெளிவாக இருந்தது. வயரை வெட்டாமல் இணைப்பானோடு பொருந்தும் கேமராவை வாங்கியிருக்கலாம். வெளியில் சி.என்.ஜி. கிட் போடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அப்படிச் செய்தால் பறிபோகக்கூடியது எஞ்சினுக்கான வாரண்டி.

2023 ஜூனில், 91,000 கி.மீ. ஓடியிருந்தபோது, வாரண்டி முடிந்தது. கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல் எனக்குத் திரும்ப வந்திருக்கிறது. அதனாலேயே எல்லோரும் எடுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். என் வண்டியில் ஏ.எம்.டி. இருந்தது, ஓட்டமும் அதிகம். டர்போ எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், பெரிய திரை, சன்ரூஃப் என்று மின்னணுப் பாகங்கள் கூடக் கூட ஒரே ஒரு பழுதின் செலவே வாரண்டிக் கட்டணத்தை விழுங்கிவிடும். சாதாரண மேனுவல் வண்டிக்கு அந்தக் கணக்கு வேறு.

என் தங்கை இப்போது வாங்கியிருப்பது மேனுவல் கியர் வண்டி. ஆண்டுக்கு 6,000 கி.மீ. ஓடினால் அதிகம். அவளுக்கு நிறுவனமே மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கி.மீ. வாரண்டி தந்திருக்கிறது. கூடுதல் வாரண்டிக்கு டெலிவரி நாளிலேயே பணம் கட்டச் சொல்லி விற்பனையாளர் வற்புறுத்தினார். தாமதித்தால் கட்டணம் கொஞ்சம் ஏறும் என்பது உண்மைதான். இருந்தாலும் இரண்டாம் ஆண்டு சர்வீஸ் வரை பொறுத்து, வண்டியின் குணம் தெரிந்தபின் முடிவெடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். வாரண்டி முடியும் தேதியை இருவர் கைப்பேசியிலும் மூன்று மாதம் முன்கூட்டியே நினைவூட்டலாகப் போட்டு வைத்திருக்கிறோம். சர்வீஸ் ரசீதுகளுக்கு ஒரு கோப்பும் வாங்கிக் கொடுத்தேன்.