2015-ஆ, 2016-ஆ? கிருஷ்ணகிரி வெயிலில் சிரா ஒயின்

பிரான்சின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கில் விளையும் சிரா என்ற கறுப்புத் திராட்சையின் சிவப்பு ஒயினில் 2014, 2015, 2016 ஆகிய மூன்று அறுவடை ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்த்தால், விமர்சகர்கள் பெரும்பாலும் 2015-ஐத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வீட்டில் வைத்திருந்து குடிக்கப் போகிறவருக்கு என் சிபாரிசு 2016. நான் வாங்கி வைத்திருப்பதும் அதுதான்.

ஒரே தோட்டத்துப் பழம் வருஷத்துக்கு வருஷம் மாறும் என்பதை மாம்பழ ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2014 கோடையில் அங்கே மழையும் குளிரும். செப்டம்பர் வெயில்தான் காப்பாற்றியது. அதோடு ஒருவகைப் பழ ஈயும் வந்து திராட்சையைக் கெடுத்தது. கெட்ட பழத்தைப் பொறுக்கி எறியும் பொறுமை இருந்தவர்களின் ஒயினை மட்டும் நம்பலாம். 2015 வறண்டு கொளுத்திய கோடை: கறுத்த நிறம், கெட்டியான துவர்ப்பு, தூக்கலான ஆல்கஹால். 2016-இல் பழமும் நன்றாகப் பழுத்தது, புளிப்பும் குறையவில்லை.

மிளகு வாசனைக்காகச் சிராவைத் தேடுகிறவர்களுக்கு 2014 பிடிக்கும். அந்த வாசனைக்குக் காரணம் ரோட்டன்டோன் என்ற சேர்மம். மிளகிலும் இருப்பது இதுவேதான். 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஷிராஸில் (சிராவுக்கு அங்கே வழங்கும் பெயர்) கண்டுபிடித்துச் சொன்னார்கள். குளிர்ந்த பருவத்தில் இது கூடும், வெயிலில் குறையும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை மூக்குக்கே எட்டாது. ஆகவே மேசையில் ஒருவர் “மிளகா? தெரியலையே” என்றால் அவர் ருசியைக் குறை சொல்லாதீர்கள். 2016-இல் மிளகு இருக்கும், அதற்கு அடியில் கரும்பழச் சுவையும் ஆலிவும் இருக்கும். 2015-இல் பழம் முன்னால் வந்து மிளகை மூடிவிடும்.

இனி முக்கியமான விஷயம், வைத்திருப்பது. வடக்கு ரோனின் பெயர்பெற்ற பகுதிகளான ஹெர்மிட்டாஜ் அல்லது கோர்னாவின் நல்ல 2015 ஒயினின் துவர்ப்பு முழுக்க இளகப் பதினைந்து, இருபது வருஷம் பிடிக்கும். அத்தனை வருஷமும் பாட்டில் 12 முதல் 14 டிகிரியில், ஏற்ற இறக்கம் இல்லாமல் கிடக்க வேண்டும். நம் ஊரில் சித்திரையில் பீரோவுக்குள்ளேயே 32, 33 டிகிரி சுலபமாக வந்துவிடும். அந்தச் சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும். இரவில் சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும். இரண்டு கோடை இப்படிக் கடந்த பாட்டிலில் பழச்சுவை வெந்துபோய்க் காய்ந்த திராட்சை மாதிரி ஆகிவிடும், ஓரத்தில் நிறம் பழுப்பாகும்.

சமையலறை ஃபிரிட்ஜ் சில மாதங்களுக்குச் சரி. வருஷக்கணக்கில் என்றால் 4 டிகிரியில் ஒயின் முதிர்வது கிட்டத்தட்ட நின்றுபோகும், உள்ளே இருக்கும் வறண்ட காற்றில் கார்க் காய்ந்துவிடும். ஒயின் கூலர் வாங்குவதென்றால் கம்ப்ரசர் உள்ளதையே வாங்குங்கள். கம்ப்ரசர் இல்லாத தெர்மோஎலெக்ட்ரிக் வகை விலை குறைவு, சத்தமும் இல்லை. ஆனால் அறையின் சூட்டைவிடப் பத்துப் பதினைந்து டிகிரிதான் இறக்கும். அறை 36 என்றால் உள்ளே 22-க்குக் கீழே போவதே சிரமம். ஓசூரின் உயரத்தில் இது ஓரளவு ஒப்பேறும், தருமபுரியில் ஒப்பேறாது. மின்வெட்டுக்கு நிறைந்த கூலர் நல்லது. பாட்டில்கள் அடர்ந்திருந்தால் சூடு மெதுவாகத்தான் ஏறும்.

இவ்வளவு பராமரிப்பையும் 2015 கேட்கிறது. 2016 அதில் பாதிகூடக் கேட்பதில்லை. குரோஸ் ஹெர்மிட்டாஜ், சென் ஜோசப் பகுதிகளின் 2016 இன்றே திறக்கத் தயார். பெரிய மலைத்தோட்ட 2016-களுக்கு மட்டும் இன்னும் சில வருஷம் கொடுக்கலாம். நல்ல கம்ப்ரசர் கூலரும் காத்திருக்க மனமும் இருந்தால் 2015 நிச்சயம் பெரிய ஒயின். அதன் உச்சத்தை இன்னும் யாரும் பார்த்து முடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கண்ணாடிக் கோப்பையிலும் இதே சூடுதான் பகை. ஆல்கஹால் கூடிய 2015, 22 டிகிரியைத் தாண்டியதும் மூக்கில் எரியும். 16, 17-இல் குடிக்க வேண்டியதை இங்கே 14-இல் ஊற்றுங்கள், கோப்பைக்குள் தானே ஏறிவிடும். பனிக்கட்டி போட்ட தண்ணீரில் கால் மணி நேரம் பாட்டிலை நிறுத்தினால் போதும்.

மூன்றையும் ஒப்பிடுவதென்றால் ஒரே தயாரிப்பாளரின் ஒரே பகுதி ஒயினாக எடுங்கள், இல்லாவிட்டால் தெரிகிற வித்தியாசம் ஆண்டால் வந்ததா ஆளால் வந்ததா என்று புரியாது. முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் இறங்கும். 2014-ஐ அரைமணி முன்னால் திறந்தால் போதும். 2016-ஐ ஒரு மணி, 2015-ஐ இரண்டு மணி நேரம் டிகாண்டரில் (காற்றுப் படுவதற்காக ஒயினை ஊற்றி வைக்கும் அகன்ற கண்ணாடிக் குடுவை) விடுங்கள். ஆளுக்கு 60 மில்லி ஊற்றினால் 750 மில்லி பாட்டில் பன்னிரண்டு பேருக்கு வரும். குடிக்கும் வரிசை 2014, 2016, கடைசியில் 2015. கனத்தது முதலில் வந்தால் மெலிந்தது தண்ணீராகத் தெரியும். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும், அதனால் பிரியாணியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். மிளகு போட்டு வறுத்த ஆட்டுக்கறி 2016-க்கு நன்றாகப் பொருந்தும்.

வாங்கும்போது பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். கார்க் மூடியை முட்டிக்கொண்டு மேலே வந்திருந்தாலும், கழுத்தில் பிசுபிசுப்பான கசிவு இருந்தாலும், ஒயின் கழுத்துக்குக் கீழே தோள்வரை இறங்கியிருந்தாலும், எந்த ஆண்டாக இருந்தாலும் அந்தப் பாட்டில் வேண்டாம்.