சுருட்டி மூடும் நீர்புகாப் பை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

அவசரகாலப் பொருட்களை வைப்பதற்காக வாங்கிய, வாயைச் சுருட்டி மூடும் 20 லிட்டர் நீர்புகாப் பையை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். பிவிசி பூச்சுள்ள தடித்த துணி, தையல் இல்லாமல் வெப்பத்தால் ஒட்டிய விளிம்புகள், வாயில் ஒரு கொக்கி, அமைப்பு இவ்வளவே.

வாங்கிய அன்றே உள்ளே செய்தித்தாளை வைத்து, வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் கொக்கியை மாட்டி, தண்ணீர்த் தொட்டியில் அரை மணி நேரம் அமுக்கி வைத்துப் பார்த்தேன். தாள் சிறிதும் நனையவில்லை. இரண்டே சுற்றோடு மூடியபோது மடிப்பின் ஓரமாக நீர் கசிந்தது. சுருட்டுவதற்கென மேலே ஒரு சாண் அளவு விட்டாக வேண்டும் என்பதால், 20 லிட்டர் முழுவதும் பயன்படாது. இதை விற்பவர்கள் உறையிலேயே அச்சிட்டிருக்கலாம்.

எனக்குக் குறையாகப்பட்டது நீர் அல்ல, ஈரப்பதம். மழைநாள் ஒன்றில் பொருட்களை அடுக்கி மூடிவிட்டு ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது, ஆஸ்பிரின் மாத்திரைகளிலிருந்து புளித்த காடியின் வாடை வந்தது. ஈரம் பட்ட ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் சிதைகிறது. வினிகரில் இருப்பதும் அந்த அசிட்டிக் அமிலமே. தீக்குச்சிகளும் நமுத்துப் போயிருந்தன. வெளியிலிருந்து ஒரு துளியும் புகவில்லை. மூடும்போது உள்ளே அகப்பட்ட ஈரக்காற்று, இரவுக் குளிரில் பையின் உட்புறத்தில் நீராகப் படிந்து, வெளியேற வழியின்றித் தங்கிவிட்டது. இதற்குப் பையைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால், ஈரத்திலிருந்து முழுப் பாதுகாப்பு என்று அதன் மேல் எழுதியிருப்பதும் நியாயமில்லை.

இப்போது வறண்ட நாளில் மட்டுமே அடுக்குகிறேன். மருந்து, கட்டுத்துணி, பேட்டரி ஆகியவற்றைத் தனித்தனி ஜிப் உறைகளில் போட்டு, காற்றைப் பிதுக்கி எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் பைக்குள் வைக்கிறேன். ஈரத்தை உறிஞ்சியதும் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு நிறம் மாறும் வகையை வாங்குவது நல்லது. எப்போது மாற்ற வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை.

வெள்ளநீரிலிருந்து பொருட்களைக் காக்க இந்தப் பையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தீக்குச்சிகளை மட்டும் ரப்பர் வளையம் உள்ள திருகுமூடிப் புட்டிக்கு மாற்றிவிட்டேன்.