தடைக்காலத்தில் கற்ற பைத்தான்: இராமநாதபுரத்து மாலை வகுப்பு பற்றி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மண்டபத்தில் நான் கணக்கு எழுதும் மீன் கம்பெனியில் அப்போது வேலை குறைவு என்பதால், இராமநாதபுரத்தில் ஒரு பயிற்சி நிலையம் நடத்தும் பைத்தான் நிரல்மொழி மாலை வகுப்பில் சேர்ந்தேன். தொடக்கப் பாடங்கள் எங்கும் கிடைப்பவைதாம். ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக, கையில் இருக்கும் பெயரைக் கொண்டு ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதியை) அழைத்து ஓட வைக்கும் பாடத்துக்காகவே இந்த வகுப்பைப் பரிந்துரைக்கிறேன்.

இறாலுக்குக் கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்ற கவுண்ட்டைப் பார்த்து விலை போடுவோம். கணவாய்க்குக் கணக்கு வேறு. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபங்ஷன் எழுதியிருந்தேன். ஆனால், கணினியில் பதியும் மீன் பெயர் வெறும் ஸ்ட்ரிங்; அதைக் கொண்டு உரிய ஃபங்ஷனை ஓட வைப்பது எப்படி என்று கேட்டேன். ஆசிரியர் ஒவ்வொரு சாவிக்கும் நேராக ஒரு மதிப்பை வைக்கும் பட்டியலான டிக்ஷனரி ஒன்றை எழுதி, 'இறால்' என்ற சாவிக்கு நேராக ஃபங்ஷனின் பெயரை அடைப்புக்குறி இல்லாமல் வைத்தார். அடைப்புக்குறி போட்டால் ஃபங்ஷன் அங்கேயே ஓடி, அதன் விடைதான் டிக்ஷனரிக்குள் போய் உட்காரும் என்பதை ஓட்டியும் காட்டினார். 'இரால்' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்களே என்றதும், அதையும் ஒரு சாவியாக்கி அதே ஃபங்ஷனுக்கு இணைத்தார்.

ஃபங்ஷன்கள் வேறு மாட்யூலில் (தனி நிரல் கோப்பில்) இருந்தால், ஸ்ட்ரிங்காகக் கொடுத்த பெயரை அதில் தேடி எடுத்துத் தரும் கெட்ஆட்டர் போதும். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்பதால், 'கொடுவா' என்றே ஒரு ஃபங்ஷன் வைத்திருந்தேன். கெட்ஆட்டரோ அப்படி ஒரு பெயரே இல்லை என்று ஆட்ரிப்யூட் எரர் காட்டியது. ஆசிரியர் பொறுமையாக ஒவ்வோர் எழுத்தையும் கணினி பதிந்து வைக்கும் யூனிகோட் எண்ணை அச்சிட்டுப் பார்த்தார். 'கொ'வின் துணைக்குறியை ஒற்றைக் குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நிரலில் உள்ள பெயரைப் பைத்தான் ஒற்றைக் குறிக்கு மாற்றிக்கொள்கிறது, ஸ்ட்ரிங்கைத் தொடுவதில்லை. என் ஸ்ட்ரிங்கில் இருந்தது இரண்டு குறி. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனில், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்கேசி வடிவத்தைக் கொடுத்ததும் சரியாயிற்று. தமிழில் நிரல் எழுதிப் பார்த்தவருக்கே இந்த இடம் தெரியும்.

குறை ஒன்று உண்டு. அச்சிட்டுத் தரும் கையேடு இதே வேலைக்கு ஈவாலை முதல் வழியாக, எச்சரிக்கையே இல்லாமல் சொல்கிறது. ஈவால் என்ற ஃபங்ஷன், ஸ்ட்ரிங்கில் உள்ள எந்த நிரல் கோவையையும் இயக்கிவிடும். வெளியார் தட்டச்சு செய்யும் பெட்டியில் அதை வைத்தால், மீன் பெயருக்குப் பதிலாகக் கணினிக் கோப்பை அழிக்கும் வரியையே ஒருவர் எழுதிவிடலாம். வகுப்பில் ஆசிரியர் இதைத் தெளிவாகச் சொன்னார். ஆனால் பயிற்சி முடிந்து வீட்டில் கையேட்டை மட்டும் புரட்டுபவருக்கு அது தெரியாது. அடுத்த அணி சேருமுன் நிலையத்தார் அந்தப் பக்கத்தை மாற்றி அச்சிட வேண்டும்.