வேப்பேரி பைண்டிங் கடை: அப்பாவோட பைபிளை குடுத்து வாங்கின அனுபவம்

பழைய பைபிளோ பாட்டுப் புக்கோ பிரிஞ்சு பக்கம் பக்கமா கழண்டு போய் கிடந்தா, வேப்பேரியில ஒரு சின்ன பைண்டிங் கடை இருக்கு, போர்டு கூட கிடையாது, அங்க கொண்டு போய் குடுங்க. அவசரம்னா மட்டும் போகாதீங்க. கடைக்கார ஐயா என்கிட்ட 12 நாள்னு சொன்னாரு, கைக்கு வந்தது 23-வது நாள். நடுவுல ரெண்டு தடவை சும்மா போய்ட்டு வந்தேன், அதுல கொஞ்சம் வருத்தம்தான்.

அப்பா போன வருஷம் கர்த்தருக்குள்ள நித்திரை அடைஞ்சாரு. 31 வருஷம் ஒரே கம்பெனியில ஸ்டோர்ஸ் கிளார்க்கா இருந்தாரு. பொய் பில்லுல கையெழுத்து போடமாட்டேன்னு நின்னதுல ரெண்டு ப்ரமோஷன் கைய விட்டு போச்சு, கடைசி வரைக்கும் வாடகை வீடுதான். சபையில சாட்சி நேரத்துல ஒவ்வொருத்தரா எழுந்து கர்த்தர் வீடு குடுத்தாரு, கார் குடுத்தாரு, பையனுக்கு ஃபாரின் வேலை குடுத்தாருன்னு சொல்லுவாங்க, அப்பா எழுந்தா "இந்த வாரமும் நடத்தினாரு, ஸ்தோத்திரம்"னு சொல்லிட்டு உக்காந்துடுவாரு. சின்ன வயசுல எனக்கு அது அவமானமா இருக்கும். உண்மையா இருந்ததுக்கு இவருக்கு என்னதான் குடுத்தாருன்னு அம்மாகிட்ட சண்டை போட்டிருக்கேன்.

அவர் விட்டுட்டு போனதுல முக்கியமானது இந்த பைபிள்தான். மொதல்ல வேற ஒரு கடைக்கு எடுத்துட்டு போனேன். முதுகுல பசை போட்டு ஒட்டி, மூணு பக்கமும் மிஷின்ல வெட்டி ஒரே நாள்ல தர்றேன்னாங்க. ஓரத்த வெட்டினா மார்ஜின்ல அப்பா எழுதினது எல்லாம் போயிடுமே! வேணாம்னு திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன். அப்புறம் சபையில ஒருத்தர் சொல்லித்தான் இந்தக் கடை தெரிஞ்சுது.

ஐயாவுக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும். புக்க வாங்கினதும் அட்டைய பாக்கல, நேரா மார்ஜினத்தான் பாத்தாரு. "இதுல கத்தி படக்கூடாது தம்பி"ன்னாரு. நான் இன்னும் வாயே திறக்கல.

வேலைய பத்தி சொல்லணும்னா, பழைய பசையெல்லாம் சுரண்டி எடுத்து, ஃபாரம் ஃபாரமா (சேத்து மடிச்ச தாள் கட்டு) பிரிச்சு, கிழிஞ்ச மடிப்புக்கு மெல்லிசு பேப்பர் ஒட்டி, திரும்ப நூல் போட்டு கையாலயே தச்சிருக்காரு. பசை கூட அவரே காய்ச்சுறதுதான், மைதா மாவுல, பூச்சி அரிக்காம இருக்க கொஞ்சம் மயில்துத்தம் போட்டு. முதுகுக்கு காலிகோ துணி, மேல கறுப்பு ரெக்சின். இப்ப எந்தப் பக்கத்துல தெறந்தாலும் மேஜையில படுத்து நிக்குது, புதுசா வாங்குற பைபிள் கூட அப்படி நிக்காது. ரெக்சின் நெறம் மட்டும் பழைய அட்டைய விட கொஞ்சம் பளபளன்னு இருக்கு, எனக்கு அது அவ்வளவா பிடிக்கல. 750 ரூபா வாங்கினாரு, இந்த வேலைக்கு ரொம்ப கம்மி.

ரெண்டாவது தடவை சும்மா போனப்போ வெயில்ல வந்திருக்கீங்கன்னு உக்கார வச்சு டீ வாங்கி குடுத்தாரு. எல்லாரும் செல்போன்ல வேதம் வாசிக்க ஆரம்பிச்சதுல இருந்து வேலை வர்றது இல்லயாம், கடை வாடகையே சில மாசம் நிக்குதாம். அப்புறம் ஏன் ஐயா இன்னும் நடத்துறீங்கன்னு கேட்டுட்டேன். அதுக்கு நேரா பதில் சொல்லல, அந்தக் காலத்துல தமிழ்ல வேதத்த மொழிபெயர்த்த மிஷனரி பப்ரிசியுஸ் ஐயர பத்தி பேச ஆரம்பிச்சுட்டாரு. ஐயா லுத்தரன் சபை, அவங்களுக்கு பப்ரிசியுஸ் வேதம்னா உயிர். பப்ரிசியுஸ் ஜெர்மனியில இருந்து 1740-ல தரங்கம்பாடி வந்து, 1742-ல மெட்ராஸ் வந்தவரு. 1761-ல பாண்டிச்சேரிய இங்கிலீஷ்காரங்க பிடிச்சப்போ அங்க இருந்து வந்த அச்சு மிஷினு இதே வேப்பேரியில அவர் கையிலதான் வந்து சேந்துச்சு. வருஷக்கணக்கா ஒவ்வொரு வார்த்தையா திருத்தி திருத்தி தமிழ் வேதத்த மொழிபெயர்த்தாரு, 1779-ல தமிழ் இங்கிலீஷ் அகராதியும் போட்டாரு. ஆனா பண விஷயத்துல ஏமாந்து கடன்ல மாட்டி, வயசான காலத்துல ஜெயிலுக்கே போனாரு. 1791-ல இறந்துட்டாரு, பழைய ஏற்பாடு முழுசா அச்சாகி முடிஞ்சது அதுக்கு அப்புறம்தான். "அவரு முழுசா கையில எடுத்து பாக்கல தம்பி, எங்க தாத்தா அதுலதான் வாசிச்சாரு"ன்னு சொல்லிட்டு நூல எடுத்து தைக்க உக்காந்துட்டாரு.

புக்க வாங்கிட்டு வந்த அன்னைக்கு ராத்திரி முழுக்க புரட்டிட்டே இருந்தேன். நடுவுல ஒரு வாக்குத்தத்த அட்டை (அந்த வருஷத்துக்குன்னு எடுக்குற வசன அட்டை), 1998 வருஷப் பிறப்பு ஆராதனையில எடுத்தது, "வாலாக்காமல் தலையாக்குவார்"னு போட்டது, ஐயா அத தொலைக்காம அதே பக்கத்துல வச்சிருந்தாரு. அப்பா எங்கயும் தலையாகல. ஆபகூக் மூணாம் அதிகாரத்துல, அத்திமரம் துளிர்விடாமப் போனாலும் கர்த்தருக்குள்ள மகிழ்ச்சியா இருப்பேன்னு வர்ற எடத்துல, மார்ஜின்ல ஏழு தேதி எழுதியிருக்காரு. ரெண்டு எனக்குத் தெரியும், ப்ரமோஷன் போன நாளுங்க. ஒண்ணு என் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாம நின்ன நாளு, நான் அவர்கிட்ட கத்தின நாளும் அதுதான். எபிரெயர் 11 கடைசியில, விசுவாசமா இருந்தும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டத அடையாமப் போனவங்கள பத்தி சொல்ற வசனத்துக்கு அடியில கோடு போட்டு "நானும் இவங்க கூட"ன்னு எழுதியிருக்காரு. பேனா அழுத்தமா, நடுக்கமே இல்லாம இருக்கு. தோத்துப் போனவரு கையெழுத்து மாதிரி எனக்கு அது தெரியல. அவர் எதுக்காக காத்திருந்தாருன்னு எனக்கு அப்பதான் கொஞ்சமாவது புரிஞ்சுது, மன்னிப்பு கேக்கத்தான் அவர் இல்ல.

புக்கு கடைசியில ஐயா நாலு வெத்துத் தாள் சேத்து தச்சிருக்காரு, நான் கேக்கல, அதுக்கு காசும் வாங்கல.

போறவங்களுக்கு: ஞாயித்துக்கிழமை கடை கிடையாது, மதியம் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் பூட்டியிருக்கும், ஜிபே இல்ல, பணமா எடுத்துட்டு போங்க. கழண்ட பக்கத்த எல்லாம் வரிசையா அடுக்கி துணியில சுத்தி குடுங்க. சொன்ன தேதிக்கு பத்து நாள் சேத்து மனசுல வச்சுக்கோங்க. நான் அடுத்த மாசம் அம்மாவோட கீர்த்தனை புக்க எடுத்துட்டு போறேன்.