நாகா தாவ்: பழையதா, புதியதா?

வடகிழக்கு இந்தியாவின் நாகா பழங்குடியினரின் தாவ் என்னும் வெட்டுக்கத்தியைச் சேகரிக்க விரும்புவோருக்கு இரண்டு வழிகள் உண்டு: வியாபாரியிடம் பழையதை வாங்கலாம், கொல்லரிடம் புதியதைச் செய்யச் சொல்லலாம்.

பழையதன் அழகே தனி. பிடியருகே ஒடுங்கி நுனியை நோக்கி அகலும் அலகு, பல கைகள் பட்டு வழுவழுப்பேறிய பிடி. ஆனால் அது எந்த ஊரில், யார் வீட்டில் இருந்தது என்பதை வியாபாரிகள் பெரும்பாலும் சொல்வதில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. நூறாண்டு கடந்த பொருளென்றால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இருவாச்சி இறகு சேர்ந்த அணிகலன் என்றால் வனவிலங்குச் சட்டமும் குறுக்கே நிற்கும்.

நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில், நாகாக்களில் ஒரு பிரிவினரான கொன்யாக் கொல்லர்கள் இன்றும் தாவ் அடிக்கிறார்கள். நேரில் வாங்கினால் செய்தவரைத் தெரியும், பணமும் அவர் கைக்கே போகும். நான் புதியதையே வாங்கச் சொல்வேன். பழையவற்றைக் கோஹிமாவின் மாநில அருங்காட்சியகத்தில் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.